ஒரு விலைக்கு இரண்டு ஆட்டக்காரர்!

காஞ்சீபுரம் பக்கத்தில் திருமுக்கூடல் என்று ஓர் ஊர். பாலாறு, வேகவதி, செய்யாறு மூன்றும் கூடும் இடம். அங்கே வெங்கடேசப் பெருமாள் கோவிலில் நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வீரராஜேந்திர சோழன் காலத்தது. 11-ம் நூற்றாண்டு.

அந்தக் கல்வெட்டு ஓர் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்கிறது. படுக்கைகள் 15. மருந்து கொடுக்க ஒரு வைத்தியர். அறுத்து வைத்தியம் செய்ய இன்னொருவர். நோயாளிகளைக் கவனிக்கப் பணிப்பெண்கள் வேறு.

வைத்தியரே கத்தியையும் எடுத்தால் ஓர் ஆள் கூலி மிச்சம்! ஆனால் அந்த வழிக்கு அவர்கள் போகவில்லை. இரண்டு வேலை, இரண்டு ஆள். கல்லிலே வெட்டி வைத்துவிட்டார்கள்.

இன்றைய கிரிக்கெட்டில் கணக்கு வேறு. பேட்டும் பிடிப்பார், பந்தும் வீசுவார் என்றால் போதும். அந்த ஒருவருக்குக் கோடி கோடியாகக் கொட்டுகிறார்கள்!

எதிர் அணி அப்படி ஒருவரை வாங்கிவிட்டது என்று செய்தி வரட்டும். எத்தனை வீடுகளில் அன்று சாப்பாடு ஆறிப் போகிறது! பிள்ளைகள் பயப்படுகிறார்கள். பெரியவர்கள் சிரிக்கிறார்கள். "எல்லாம் வெறும் ஆர்ப்பாட்டம். அவன் எங்கே பந்து போடப் போகிறான்?" என்கிறார்கள்.

இந்தச் சந்தேகம் நியாயமா? பொறாமையா? நடந்த கதைகளைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பதினொன்று பன்னிரண்டு ஆவது எப்படி?

பேட்டிங், பந்துவீச்சு இரண்டும் தெரிந்தவரை "ஆல்ரவுண்டர்" என்கிறார்கள்.

ஐ.பி.எல். ஆட்டத்தில் ஓர் அணி வீச வேண்டியது 20 ஓவர். ஒருவர் 4 ஓவருக்கு மேல் வீசக்கூடாது. ஆகவே குறைந்தது 5 பேர் பந்து வீசியாக வேண்டும்.

பந்துவீச்சு மட்டும் தெரிந்த 5 பேரைச் சேர்த்தால், பேட்டிங்குக்கு விக்கெட் கீப்பரோடு சேர்த்து 6 பேர்தான் மிச்சம். அந்த ஐந்தாவது ஆள் நன்றாக பேட்டும் பிடிப்பவரானால்? 11 பேர் ஆடுகிறார்கள். 12 பேர் பலம் கிடைக்கிறது!

ஆல்ரவுண்டருக்கு இத்தனை விலை ஏறுவதன் ரகசியம் இதுதான்.

ஆனால் பணப்பெட்டிக்கு அளவு உண்டு. 2024 நவம்பரில் நடந்த பெரிய ஏலத்துக்கு ஓர் அணி செலவழிக்கக்கூடிய மொத்தத் தொகை 120 கோடி ரூபாய். ஒருவருக்கு அள்ளிக் கொடுத்தால் மற்றவர்களுக்குக் கிள்ளித்தான் கொடுக்க வேண்டும்.

வாங்கியவர் பந்தே வீசாமல் நின்றால் என்ன ஆகும்? அந்த 4 ஓவரை வேறொருவர் வீச வேண்டும். இரண்டு ஆளுக்கு விலை கொடுத்து, வீட்டுக்கு ஓர் ஆளைக் கூட்டி வந்த கதைதான்!

நான்கு அணிகள் மோதின!

2009-ம் ஆண்டு ஐதராபாத்தில் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். டிரினிடாட் அணியைச் சேர்ந்த நெட்டையான ஓர் இளைஞர் 18 பந்துகளில் 54 ரன் அடித்தார். பெயர் கைரன் பொல்லார்ட். பந்தும் வீசுவார்.

ஒரே ஆட்டத்தில் உலகப் புகழ்!

2010 ஜனவரியில் ஐ.பி.எல். ஏலம். ஒருவருக்கு 7 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு மேல் கேட்கக்கூடாது என்று அப்போது வரம்பு இருந்தது. பொல்லார்டுக்கு நான்கு அணிகள் அந்த எல்லை வரை போய் நின்றன. சென்னையும் அவற்றில் ஒன்று. கடைசியில் ரகசியச் சீட்டில் தொகை எழுதிக் கொடுத்தார்கள். மும்பைக்குக் கிடைத்தார்.

அதே ஆண்டு இறுதி ஆட்டம். மும்பைக்கும் சென்னைக்கும் போட்டி. சென்னை எடுத்தது 168 ரன். பொல்லார்ட் பேட் பிடிக்க வரும்போது ஆட்டம் ஏறக்குறைய முடிந்திருந்தது. அப்படியும் 10 பந்தில் 27 ரன் அடித்து வயிற்றைக் கலக்கினார்!

கேப்டன் டோனி, மாத்யூ ஹேடனைப் பந்துவீச்சாளருக்கு நேர் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். யாரும் ஆள் நிறுத்தாத இடம். பொல்லார்ட் அடித்த பந்து நேராக ஹேடன் கைக்கே போனது. சென்னைக்குக் கோப்பை.

"பார்த்தீர்களா! வீண் விலை!" என்று அன்று சொல்லியிருந்தால் கேட்க நன்றாகத்தான் இருந்திருக்கும்.

மூன்று ஆண்டு கழிந்தது. 2013 இறுதி ஆட்டத்தில் மறுபடியும் அதே இரண்டு அணிகள். பொல்லார்ட் 32 பந்தில் 60 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். கோப்பை மும்பைக்குப் போயிற்று.

2021 மே 1. டெல்லியில் ஆட்டம். சென்னை 218 ரன் குவித்தது. அன்று பொல்லார்ட் 2 ஓவர் வீசி, 12 ரன் மட்டும் கொடுத்து 2 விக்கெட் எடுத்திருந்தார். பிறகு 34 பந்தில் 87 ரன்! கடைசிப் பந்தில் மும்பை வென்றது.

பொல்லார்ட் 2010 முதல் 2022 வரை மும்பைக்காக ஆடினார். அந்தக் காலத்தில் மும்பை 5 கோப்பைகள் வென்றது. முதல் ஆண்டிலேயே தீர்ப்புச் சொன்னவர்கள் ஏமாந்தார்கள்.

நம் வீட்டுக் கதை

எதிர் வீட்டைச் சொல்லிவிட்டோம். சென்னையின் கணக்கு எப்படி?

2009-ல் சென்னை அணி இங்கிலாந்தின் ஆண்ட்ரூ பிளின்டாப்பை வாங்கியது. விலை 15 லட்சத்து 50 ஆயிரம் டாலர். அந்த ஏலத்தின் மிக உயர்ந்த விலை அதுதான். அந்த விலைக்குப் போனவர் இன்னும் ஒருவர் மட்டுமே.

பிளின்டாப் ஆடியது 3 ஆட்டம். எடுத்தது 62 ரன், 2 விக்கெட். முழங்கால் கோளாறு. ஊருக்குத் திரும்பிவிட்டார்.

சென்னை அந்தப் பாடத்தை மறந்ததோ என்னவோ! 2022 டிசம்பரில் கொச்சியில் ஏலம். இங்கிலாந்து கேப்டன் பென் ஸ்டோக்ஸை 16 கோடியே 25 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அந்த ஆண்டு ஓர் அணியின் வரம்பு 95 கோடி. ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ஒருவருக்கே போயிற்று.

2023-ல் ஸ்டோக்ஸ் ஆடியது 2 ஆட்டம். எடுத்தது 7 ரன், 8 ரன். வீசியது ஒரே ஓவர். அதில் 18 ரன் போயிற்று.

ஸ்டோக்ஸ் சாதாரண ஆட்டக்காரர் அல்ல. 2019 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தைக் கரை சேர்த்தவர். திறமை குறையவில்லை. உடம்பு ஒத்துழைக்கவில்லை!

முதலில் கெடுவது எது?

ஏலத்தில் விலை போவது பெயர். மைதானத்தில் உழைப்பது முதுகும் முழங்காலும்.

வேகப்பந்து வீசுகிறவர் ஓடி வந்து முன்காலை ஊன்றுகிறார். அந்த ஒரு நொடியில் உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. முதுகு ஒரு பக்கமாக வளைந்து திரும்புகிறது. ஓர் ஓவருக்கு 6 தடவை. 4 ஓவருக்கு 24 தடவை. பயிற்சியில் வீசுவது தனி.

நாளாக ஆக முதுகெலும்பில் மயிரிழை போலக் கீறல் விழுகிறது. கணுக்கால் வீங்குகிறது. பேட் பிடிப்பதில் இத்தனை அடி உடம்புக்கு இல்லை. அதனால் ஆல்ரவுண்டருக்கு முதலில் போவது பந்துவீச்சு!

இதற்கு விதிவிலக்கு கபில்தேவ். 131 டெஸ்ட் ஆடினார். 434 விக்கெட், 5,248 ரன். காயம் என்று சொல்லி ஒரு டெஸ்டைக்கூட அவர் தவறவிட்டதில்லை. கபில்தேவைப் போல இன்னொருவர் வேண்டும் என்று இந்தியா இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது என்றால் காரணம் இருக்கிறது.

சுழல்பந்து வீசுகிறவர்களுக்குத் தேய்மானம் குறைவு. 2012-ல் ரவீந்திர ஜடேஜாவைச் சென்னை 20 லட்சம் டாலருக்கு வாங்கியபோது "இவருக்கா இத்தனை?" என்ற கேள்வி எழாமல் இல்லை. 2023 இறுதி ஆட்டத்தில் அதற்குப் பதில் வந்தது. நன்றாக ஆடிக்கொண்டிருந்த சுப்மன் கில்லை ஜடேஜாவின் பந்தில் டோனி ஸ்டம்பிங் செய்தார். கடைசி 2 பந்தில் 10 ரன் வேண்டியிருந்தது. ஒரு சிக்சர், ஒரு பவுண்டரி. அடித்தவர் ஜடேஜா! கோப்பை சென்னைக்கு.

அமெரிக்காவிலும் இதே சந்தேகம்

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். அங்கே பந்து எறிகிறவர் வேறு, தடியால் அடிக்கிறவர் வேறு. இரண்டையும் உயர்ந்த தரத்தில் செய்கிறவர் மிக மிக அபூர்வம்.

நூறு ஆண்டுகளுக்கு முன் பேப் ரூத் என்பவர் செய்தார். 1918-ல் பந்து எறிந்து 13 வெற்றி தேடிக் கொடுத்தார். அதே ஆண்டு 11 "ஹோம் ரன்" அடித்தார். ஹோம் ரன் என்பது நம் சிக்சரைப் போல. நியூயார்க் அணி அவரை வாங்கியது. பந்து எறிவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டு, அடிக்க மட்டும் விட்டது. 1920-ல் அவர் அடித்த ஹோம் ரன் 54!

பிறகு வெகு காலம் அப்படி ஒருவர் நிலைக்கவில்லை. 2017 டிசம்பரில் ஜப்பானிலிருந்து ஷோஹெய் ஒதானி வந்தார். "இரண்டும் செய்வேன்" என்றார். பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. 2018 பயிற்சி ஆட்டங்களில் அவர் சோபிக்கவில்லை. "ஜப்பானில் நடந்தது இங்கே நடக்குமா?" என்ற சந்தேகம் கிளம்பியது.

போட்டி தொடங்கியது. 22 ஹோம் ரன் அடித்தார். பந்து எறிந்து 4 வெற்றி கண்டார். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் அவர்தான்! ஆனால் பந்து எறிந்த கையின் முழங்கை கெட்டது. அறுவைச் சிகிச்சை நடந்தது. 2023-ல் மறுபடியும் ஒரு சிகிச்சை.

அந்த முழங்கையோடுதான் 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் அணி அவரை எடுத்தது. 10 ஆண்டுக்கு 70 கோடி டாலர்! 2024 முழுவதும் போட்டியில் அவர் ஒரு பந்துகூட எறியவில்லை. அடித்தார், ஓடினார். அவ்வளவுதான். அந்த ஆண்டு அவர் அடித்த ஹோம் ரன்னும் 54!

பேப் ரூத்துக்கும் 54, ஒதானிக்கும் 54. ஒரு வேலையை நிறுத்தினால் மற்றது பெருகும் என்பதற்கு அழகான சாட்சி என்று தோன்றும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2025-ல் ஒதானி மறுபடி பந்து எறிந்தார். அக்டோபர் 17-ல் நடந்த ஆட்டத்தில் 10 பேரைப் பந்தால் வெளியேற்றினார். அதே ஆட்டத்தில் 3 ஹோம் ரன் அடித்தார்!

ஒதானியைப் பற்றிச் சந்தேகப்பட்டவர்கள் பாதி சரி. உடம்பு கெடும் என்றார்கள், கெட்டது. ஆட வராது என்றார்கள், வந்தது.

ஏப்ரலில் கேலி, ஜூனில் கண்ணீர்

நம் நாட்டில் இந்தச் சந்தேகத்தை முழுக்க அனுபவித்தவர் ஹார்திக் பாண்ட்யா.

2015-ல் மும்பை அவரை வாங்கியது. விலை வெறும் 10 லட்சம் ரூபாய். மும்பையிலேயே புகழ் பெற்றார். 2018 செப்டம்பரில் துபாயில் பாகிஸ்தானுடன் ஆடும்போது முதுகு பிடித்துக்கொண்டது. தூக்குப் படுக்கையில் தூக்கிப் போனார்கள். 2019-ல் லண்டனில் அறுவைச் சிகிச்சை. 2020, 2021 ஐ.பி.எல். போட்டிகளில் அவர் பந்தே வீசவில்லை.

மும்பை அவரை விட்டுவிட்டது. 2022-ல் புதிய குஜராத் அணிக்குக் கேப்டன் ஆனார். இறுதி ஆட்டத்தில் 17 ரன் கொடுத்து 3 விக்கெட். பேட்டிங்கில் 34 ரன். முதல் ஆண்டிலேயே கோப்பை!

2023 நவம்பரில் மும்பை அவரைத் திரும்பக் கூட்டி வந்தது. ரோகித் சர்மாவுக்குப் பதிலாகக் கேப்டனும் ஆக்கியது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், உலகக் கோப்பை ஆட்டத்தில் பந்து வீசும்போது அவர் கணுக்கால் அடிபட்டிருந்தது. சந்தேகத்துக்குக் கேட்க வேண்டுமா?

2024-ல் அவர் போன ஊரெல்லாம் கூச்சல். மும்பை ரசிகர்களே கூச்சல் போட்டார்கள்!

ஏப்ரல் 14. மும்பை வான்கடே மைதானம். எதிரில் சென்னை. கடைசி ஓவரை ஹார்திக் வீசினார். 4 பந்து மிச்சம் இருக்கும்போது டோனி உள்ளே வந்தார். சிக்சர். சிக்சர். இன்னொரு சிக்சர்! 4 பந்தில் 20 ரன். அந்த ஓவரில் மொத்தம் 26 ரன். சென்னை வென்றதும் சரியாக 20 ரன் வித்தியாசத்தில்! அந்த ஆண்டு மும்பைக்குப் பத்தாவது இடம். அதாவது கடைசி இடம்.

சென்னையில் சிரிப்பு அடங்கவில்லை. இரண்டு மாதம் போயிற்று.

ஜூன் 29. மேற்கிந்தியத் தீவுகளின் பார்படோஸில் 20 ஓவர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். தென்னாப்பிரிக்காவுக்கு 24 பந்தில் 26 ரன் போதும். கிளாசன் விளாசிக்கொண்டிருந்தார். பந்து ஹார்திக் கைக்கு வந்தது. முதல் பந்தில் கிளாசன் காலி!

கடைசி ஓவர். 16 ரன் வேண்டும். மறுபடி ஹார்திக். மில்லர் தூக்கி அடித்தார். எல்லைக் கோட்டருகே சூர்யகுமார் பிடித்த கேட்சை நாடே பார்த்தது. 7 ரன்னில் இந்தியா வென்றது. ஹார்திக் கண்களில் நீர்.

ஜூலை 4-ல் கோப்பையோடு வீரர்கள் வான்கடேக்கு வந்தார்கள். கூச்சல் போட்ட அதே மைதானம், இப்போது ஹார்திக் பெயரைச் சொல்லி முழங்கியது!

பன்னிரண்டாவது ஆள் வந்தார்

இன்னொரு சிக்கலும் உண்டு. 2023 முதல் ஐ.பி.எல்.லில் "இம்பாக்ட் பிளேயர்" என்ற விதி வந்தது. ஆட்டத்தின் நடுவே ஒருவரை எடுத்துவிட்டு இன்னொருவரை இறக்கலாம். பேட்டிங் முடிந்ததும் பேட்ஸ்மேன் வெளியே. பந்துவீச்சாளர் உள்ளே!

அப்படியானால் அரைகுறை ஆல்ரவுண்டருக்குப் பந்து எப்போது கிடைக்கும்? இந்த விதி ஆல்ரவுண்டர்களை வளரவிடாது என்று ரோகித் சர்மாவே 2024-ல் வெளிப்படையாகச் சொன்னார். அவர் எடுத்துக்காட்டிய பெயர்களில் ஒன்று நம் சென்னை வாஷிங்டன் சுந்தர்.

வாஷிங்டன் கதை தெரியுமல்லவா? 2021 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் அவர் இருந்தது பயிற்சியில் பந்து வீசிக் கொடுக்கத்தான். அணியில் ஒருவர் பின் ஒருவராகக் காயம். பிரிஸ்பேன் டெஸ்டில் அவரை இறக்கினார்கள். முதல் இன்னிங்சில் 3 விக்கெட். பிறகு பேட்டிங்கில் 62 ரன். ஷர்துல் தாக்கூரோடு சேர்ந்து 123 ரன். பின்பு இந்தியா அந்த ஆட்டத்தை வென்றது.

அவருக்கு விளம்பரம் இல்லை, ஏலக் கூச்சல் இல்லை. இரண்டு வேலையும் நடந்தது.

கேட்க வேண்டிய கேள்வி

ஆகவே எதிர் அணி பெரிய விலைக்கு ஓர் ஆல்ரவுண்டரை வாங்கினால் சந்தேகப்படலாம். தவறே இல்லை. ஆனால் எதைச் சந்தேகப்படுவது என்று தெரிய வேண்டும்.

"அவர் நல்ல ஆட்டக்காரரா?" என்று கேட்டுப் பயனில்லை. நல்ல ஆட்டக்காரர் இல்லாவிட்டால் அந்த விலை போகமாட்டார்.

போன ஆண்டு எத்தனை ஓவர் வீசினார்? வேகப்பந்தா, சுழல்பந்தா? கடைசியாக எந்த இடத்தில் காயம்? அந்த அணியில் அவருக்கு 4 ஓவர் கிடைக்க வழி இருக்கிறதா? இந்த நான்கையும் பார்த்தால், ஏலக்காரரைவிட நீங்கள் நன்றாகக் கணக்குச் சொல்வீர்கள்.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. சந்தேகம் ஓவர் கணக்கின் மேல் இருக்கட்டும். ஆளின் மேல் கூச்சல் வேண்டாம். கெட்டுப்போன முதுகோடு மறுபடி ஓடி வந்து வீசுகிறவனுக்கு எவ்வளவு வலிக்கும் என்று விலைச்சீட்டில் எழுதியிருக்காது.

சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு சோதனையும் வந்தது. 2025 நவம்பரில் ஜடேஜா ராஜஸ்தான் அணிக்கு மாற்றப்பட்டார். அப்போது 37 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். இத்தனை காலம் கைதட்டியவர்களே, "இந்த வயதில் இரண்டும் முடியுமா?" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்க வேண்டியதாயிற்று!

கேட்கலாம். ஆனால் அவர் பந்தை எடுத்துக்கொண்டு வரும்போது கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருக்க வேண்டும்.